பிடியும் நடுக்கமும்

1992 ஜனவரியில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. குளோரேட் உப்பும் கந்தகமும் சேர்ந்த எந்த வெடிபொருளையும் இனி இந்தியாவில் செய்யக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவும் கூடாது. லேசாகத் தட்டினாலோ உரசினாலோ பற்றிக்கொள்ளும் கலவை அது. தடைக்கு வேறு காரணம் வேண்டியதில்லை. ஆனால் மூன்று விலக்குகள் கொடுத்தார்கள்: அறிவியல் ஆய்வுக்கான சிறு அளவு, தீக்குச்சியின் தலை, பொம்மைத் துப்பாக்கிக்கான காகிதக் கேப். இந்த மூன்றில் இரண்டு சிவகாசியின் பிழைப்பு. கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு 1923இல் ஊர் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கி வைத்த தொழில் ஒன்று. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே தெருவெல்லாம் 'டப்பு டப்பு' என்று கேட்கத் தொடங்கும் பொட்டு வெடி இன்னொன்று.

துப்பாக்கிப் பிடியின் அறிவியலைச் சொல்ல வந்த அத்தியாயத்தைப் பொம்மைத் துப்பாக்கியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நிஜத் துப்பாக்கியைச் சுடும்போது பல விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்துவிடுகின்றன: வெடிச் சத்தம், பின்னுதைப்பு, குழாய் மேலே எகிறுவது, சுடுபவர் பயத்தில் கண் சிமிட்டுவது. எது எதனால் என்று பிரித்தறிவது கஷ்டம். பொட்டு வெடித் துப்பாக்கியில் குண்டு கிடையாது. மில்லிகிராம் கணக்கில் மருந்து வெடிக்கிறது, புகை வருகிறது, அவ்வளவுதான். பின்னுதைப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அப்படியிருந்தும் அதன் முனை ஆடுகிறது. ஆட்டம் எங்கிருந்து வருகிறது?

விருதுநகர் பஜாரிலோ சிவகாசிக் கடைகளிலோ கிடைக்கும் பொம்மைத் துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிடி, இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்தது. ஒட்டிய இடத்தில் ஒரு விளிம்பு ஓடும். அது உள்ளங்கையில் சரியாகக் கட்டைவிரலின் அடிமேட்டில் உறுத்தும். பக்கங்கள் வழவழவென்றிருக்கும். விசையை இழுத்தால் சுத்தியல் பின்னால் போக வேண்டும், சுருள் ஒரு பொட்டு நகர வேண்டும், பிறகு சுத்தியல் விழ வேண்டும். இத்தனையும் அந்த ஒரு இழுப்பில் நடக்க வேண்டியிருப்பதால் விசை கனமாக இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? ஆள்காட்டி விரல் எட்டாது, எட்டினாலும் பலம் போதாது. இரண்டு விரல்களை உள்ளே நுழைத்து, இன்னொரு கையையும் துணைக்குச் சேர்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு இழுக்கும். பொட்டு வெடிக்கும் கணத்தில் குழாய் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பின்னுதைப்பு இருந்தால் முனை மேலேதான் போக வேண்டும். இங்கே கீழே இறங்குகிறது. ஆகவே குற்றவாளி வெடி இல்லை, கை.

கையின் உள்ளமைப்பில் இதற்கு விளக்கம் உண்டு. பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் நேப்பியர் 1956இல் எழுதிய ஒரு கட்டுரையில், மனிதக் கை பொருட்களைப் பிடிக்கும் விதங்களை அடிப்படையில் இரண்டாகப் பிரித்தார். சுத்தியலைப் பிடிப்பது போல எல்லா விரல்களும் உள்ளங்கையோடு சேர்த்து இறுக்குவது வலுப்பிடி. பேனாவைப் பிடிப்பது போல விரல்நுனிகளால் நுட்பமாகப் பிடிப்பது துல்லியப்பிடி. கைத்துப்பாக்கி ஒரே கையிடம் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கிறது. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் வலுப்பிடி. ஆள்காட்டி விரல் மட்டும் துல்லியமாக, தனியாக, நேர்க்கோட்டில் பின்னால் நகர வேண்டும். விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன; நரம்புக் கட்டளைகளும் முழுதாகப் பிரிந்து வருவதில்லை. சுண்டுவிரலை மட்டும் மடக்கிப் பாருங்கள், மோதிரவிரல் கூடவே வரும். அதே போல ஆள்காட்டி விரல் விசையை இழுக்கும்போது மற்ற மூன்றும் தம் பங்குக்கு இறுக்குகின்றன. முனை தாழ்கிறது.

இது எவ்வளவு சின்ன விஷயம், எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டி நல்ல அளவுகோல். பாரிஸில் 2024இல் மனு பாக்கர் வெண்கலம் வென்ற போட்டி. இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர் விட்டம். 4.5 மில்லிமீட்டர் ரவை அந்த வட்டத்தின் ஓரத்தைத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலக இடமுண்டு. பிஸ்டலின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே மூன்றில் ஒரு மீட்டர் தூரம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், முன்குறி கால் மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், பத்து ஒன்பதாகிவிடும். அதனால்தான் போட்டியாளர்கள் குண்டே போடாமல் விசையை இழுத்து மணிக்கணக்கில் பழகுகிறார்கள். குழாய்மேல் ஒரு நாணயத்தை வைத்துக்கொண்டு, அது விழாமல் விசையை இழுக்கும் பயிற்சி பழையது, இன்றும் உள்ளது. கேப் போடாத பொம்மைத் துப்பாக்கியில் ஒற்றை ரூபாயை வைத்து யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நாணயம் விழும். ஏன் விழுகிறது என்று இனி தெரியும்.

இறுக்கிப் பிடிப்பதுதான் பிரச்சினை என்றால் தளர்த்திப் பிடிக்கலாமே? அங்கேதான் வழுக்கல் குறுக்கே வருகிறது.

ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் யோஹான்சனும் யோரன் வெஸ்ட்லிங்கும் 1984இல் வெளியிட்ட ஆய்வு கைகளைப் பற்றிய நம் எண்ணத்தையே மாற்றியது. சிறு பொருள் ஒன்றை இரு விரல்களால் தூக்கச் சொன்னார்கள். அதன் மேற்பரப்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள்: ஒரு தடவை உப்புத்தாள், ஒரு தடவை மெத்தென்ற தோல், ஒரு தடவை பட்டு. எடை மாறவில்லை. ஆனால் பட்டு வந்ததும் விரல்கள் தாமாகவே அதிகம் அழுத்தின. உப்புத்தாள் வந்ததும் தாமாகவே தளர்ந்தன. பொருள் நழுவாமலிருக்க எவ்வளவு வேண்டுமோ அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக அழுத்துகிறோம், அந்தக் கணக்கை யோசிக்காமலே போடுகிறோம். நழுவத் தொடங்கினால் ஏறத்தாழ 70 மில்லிநொடியில் பிடி இறுகிவிடுகிறது. தோலில் இருக்கும் தொடுவுணர் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்ப, நாம் 'அடடா' என்று நினைப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

துப்பாக்கிப் பிடியின்மேல் மாட்டும் ரப்பர் உறையைப் பற்றி நான் சொல்ல விரும்புவது முழுவதும் இந்த ஆய்வுக்குள் இருக்கிறது. விற்பவர்கள் அதை மெத்தை என்று சொல்லி விற்கிறார்கள். அதன் உண்மையான பயன் வேறு. பிடி சொரசொரப்பானால் மூளை கேட்கும் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் மூன்று விரல்கள் அமைதியாகின்றன. அவை அமைதியானால் நான்காவதுக்குச் சுதந்திரம் கிடைக்கிறது. ரொம்ப நேரம் இறுக்கினால் வரும் தசை நடுக்கமும் தள்ளிப்போகிறது.

மெத்தைக் கதையைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்; பத்தாம் வகுப்பு உந்த அழிவின்மை விதி போதும். போலீஸார் வைத்திருக்கும் 9 எம்எம் பிஸ்டலின் குண்டு ஏழரை கிராம் என்றும், வேகம் நொடிக்கு 350 மீட்டர் என்றும் கொள்வோம். துப்பாக்கி 900 கிராம். பெருக்கி வகுத்தால் துப்பாக்கி பின்னால் வரும் வேகம் நொடிக்குச் சுமார் 3 மீட்டர், மணிக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சம். குண்டோடு சேர்ந்து வெளியேறும் வாயுவால் இன்னும் கொஞ்சம் கூடும். இப்போது 50 கிராமில் ஒரு ரப்பர் உறை மாட்டுகிறோம். 3 மீட்டர் 2.8 ஆகும். இதற்காக யாரும் காசு செலவழிக்க வேண்டாம். குண்டு குழாயை விட்டுப் போவதும் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. யோஹான்சன் அளந்த 70 மில்லிநொடியை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் குண்டைப் பொறுத்தவரை கை செய்ய வேண்டியதை முன்பே செய்து முடித்திருக்க வேண்டும்.

ஆனாலும் உறை போட்டவர்கள் "அடி குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்வதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. உலோக விளிம்பு ஒன்று உள்ளங்கையின் ஒரே கோட்டில் மோதினால் வலிக்கும். அதே விசை அகன்ற பரப்பில் பரவினால் வலி குறையும். விசை அதேதான், அழுத்தம்தான் குறைகிறது. ரப்பர் அமுங்குவதால் உதைப்பு கைக்கு வந்து சேரும் நேரமும் கொஞ்சம் நீள்கிறது. வலி குறைந்தால் அடுத்த குண்டுக்குமுன் உடம்பு தானாகச் சுருங்கிக்கொள்ளும் பழக்கமும் குறையும். அதோடு இரண்டாவது குண்டுக்குள் பிடி கைக்குள் இடம் மாறியிருக்கக் கூடாது. வழுக்கும் பிடியில் ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ரப்பர் அதை நிறுத்திவைக்கிறது.

ரப்பர் ஏன் இப்படிப் பிடிக்கிறது என்பதே தனிக் கதை. பள்ளியில் படித்த உராய்வு விதி, தொடும் பரப்பு எவ்வளவு என்பது பொருட்டில்லை என்கிறது. ரப்பர் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. அது மென்மையாக இருப்பதால் எதிரே இருக்கும் பரப்பின் மேடு பள்ளங்களுக்குள் புகுந்து உண்மையிலேயே அதிக இடத்தைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் ஒட்டுகிறது. மேடுகளின்மேல் நகரும்போது அமுங்கி மீள்வதில் ஆற்றலை இழக்கிறது. இந்த இரண்டு வழிகளும் சேர்ந்ததுதான் டயர் சாலையைப் பிடிப்பதும். நம் விரல் தோலும் இதே ஜாதிதான். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் என்னோஸும் அவரது மாணவரும் 2009இல் விரலை வழவழப்பான அக்ரிலிக் மீது இழுத்து அளந்தார்கள். விரல் ரப்பரைப் போலவே நடந்துகொண்டது: தொடும் பரப்பு கூடக் கூட உராய்வும் கூடியது. அப்படியென்றால் வழவழப்பான பரப்பில் ரேகையின் பள்ளங்கள் தொடும் இடத்தைக் குறைத்து, உராய்வையும் குறைக்கத்தான் செய்கின்றன. ரேகை பிடிப்புக்காகவே வந்தது என்று காலங்காலமாகப் பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி.

அப்புறம் வேர்வை. விருதுநகரில் அதைப் பேசாமல் எதைப் பேசுவது? வறண்ட வெயில் அடிக்கும் ஊர்தான், மருந்து காயவும் தாள் காயவும் அந்த வெயில்தான் இங்கே தொழிலை வாழவைத்தது. ஆனால் உள்ளங்கை வேர்வைக்கு வெயில் மட்டும் காரணமில்லை. உடம்பின் மற்ற இடங்கள் சூட்டுக்கு வேர்க்கும். உள்ளங்கை முக்கியமாகப் பதற்றத்துக்கு வேர்க்கிறது. பரீட்சை எழுதும் பிள்ளைக்கும், துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சியில் தன் முறைக்காக நிற்கும் இளம் காவலருக்கும் ஒரே கதை. தோல் லேசாக ஈரமானால் மென்மையாகி உராய்வு கூடுகிறது. காசு எண்ணும்போது விரலை நனைத்துக்கொள்வது அதனால்தான். ஈரம் மிகுந்து ஒரு படலமாக நின்றுவிட்டால் உராய்வு சட்டென்று விழுகிறது. உறைகளின்மேல் வரும் கூழாங்கல் போன்ற புடைப்புகளும், அவற்றுக்கு இடையே வரும் பள்ளங்களும் இந்தப் படலத்துக்கு வடிகால். அழகுக்காக வைத்தவை போலத் தெரிந்தாலும், வேர்வை ஒதுங்க ஓர் இடம் இருந்தால்தான் புடைப்பின் தலை தோலை நேரடியாகத் தொடும்.

கிரிக்கெட் மட்டைக்கு கிரிப் மாட்டியவர்களுக்கு இந்தப் பொருளை விவரிக்கவே வேண்டாம். அதே மாதிரி இறுக்கமான குழாய், அதே மாதிரி மாட்டுவதற்குள் உயிர் போகும். துப்பாக்கிக்கு இதை ஒரு வியாபாரமாக வளர்த்தவர்களில் ஒருவர், லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையில் இருந்த கை ஹோக். 1968இல் சக போலீஸாருக்குப் பிடிகள் செய்துகொடுக்கத் தொடங்கினார். அவர் பெயரில் உள்ள நிறுவனம் இன்று பிடியின்மேல் நேராக இழுத்து மாட்டும் உறைகளையும் விற்கிறது. அதற்கெல்லாம் முன்பிருந்தே உலகம் முழுக்க ஏழைகளின் உறை ஒன்று உண்டு: சைக்கிள் டியூப். ஒரு சாண் வெட்டி இழுத்து மாட்டினால் தீர்ந்தது. நம் பட்டறைகளில் ஸ்பேனரின் கைப்பிடியில் சுற்றியிருப்பதும் அதேதான். விலை உயர்ந்த உறை அதைவிட எதில் உசத்தி என்றால், உருவத்தில். உருளையான டியூப் மெலிந்த இடத்தில் தொளதொளக்கும், தடித்த இடத்தில் இழுபடும். வார்த்த உறை பிடியின் வளைவோடு போகும்.

இனி உறை கெடுதல் செய்யும் இடம். இதைப் பற்றி விற்பவர்கள் வாய் திறப்பதில்லை. உறை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம். அது பிடியின் பின்புறத்திலும் ஏறுகிறது, அதனால் விசைக்கும் உள்ளங்கைக்கும் உள்ள தூரம் அதே அளவு கூடுகிறது. பெரிய கைக்கு அது வரம். சிறிய கைக்கு ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் விசையைத் தொடும். நேராகப் பின்னால் இழுக்க முடியாமல் பக்கவாட்டில் தள்ளும். பொம்மைத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அல்லாடிய ஐந்து வயதுப் பிள்ளையின் நிலைமைக்கு வளர்ந்த ஆளைத் திரும்பக் கொண்டுபோகும் வேலை இது. பெரும்பாலான கைத்துப்பாக்கிகள் ஐரோப்பிய, அமெரிக்க ஆண்களின் கையை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. நம் உடலளவுகளை இந்தியாவுக்கென்றே தொகுத்து அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் தேபகுமார் சக்ரவர்த்தியின் நூலை வெளியிட்டது. நாற்காலி முதல் கருவிப்பிடி வரை வடிவமைப்பவர்கள் அதைப் புரட்டுகிறார்கள். துப்பாக்கி உறை இறக்குமதி செய்பவர் புரட்டியிருப்பார் என்று தோன்றவில்லை.

கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை 2014இல் பெண்களுக்கென்று சொல்லி 'நிர்பீக்' ரிவால்வரைக் கொண்டுவந்தது நினைவிருக்கலாம். 2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு வந்தது. அரை கிலோ எடை, .32 காலிபர், ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய் சொச்சம். கைப்பைக்குள் வைக்க வசதி என்று எடையைக் குறைத்தார்கள். எடை குறைந்தால் பின்னுதைப்பின் வேகம் கூடும் என்று மேலே போட்ட கணக்கே சொல்லும். இத்தகைய இலேசான துப்பாக்கிக்குத்தான் உறையின் உதவி அதிகம் தேவை. ஆனால் சிறிய கைக்கு அதன் கனம்தான் இடைஞ்சல். இந்த முடிச்சை அவிழ்த்தது வேறு வழி: பிடியின் முதுகை மட்டும் கழற்றி மாற்றுவது. வால்தர் பி99 தொண்ணூறுகளின் பிற்பாதியிலேயே அதைச் செய்தது. க்ளாக் 2010இல் வந்த நான்காம் தலைமுறையில் பின்பற்றியது. ஒலிம்பிக் போட்டியாளர்கள் ரப்பர் பக்கமே போவதில்லை. மரப்பிடியை ராவி, இழைத்து, குறைந்த இடத்தில் மரப்பசை அப்பி, தங்கள் ஒருவர் கைக்கு மட்டும் பொருந்தும்படி செய்துகொள்கிறார்கள். ஏர் பிஸ்டலில் பின்னுதைப்பு மிகச் சொற்பம். அமுங்கும் ரப்பர் அங்கே தொல்லை. தினமும் கை அதே இடத்தில், அதே கோணத்தில் போய் உட்கார வேண்டும். மணிக்கட்டு மட்டும் விடுபட்டுத் தெரிய வேண்டும் என்பது சர்வதேச விதி.

சிவகாசிக்கே உரிய இன்னொரு கோணம். துப்பாக்கிக் கைக்கு நல்லதென்று நாம் புகழ்ந்த இதே ரப்பர், பட்டாசு ஆலையின் மருந்து அறைக்குள் சந்தேகத்துக்குரிய ஆசாமி. அங்கே இரும்புக் கருவிகள் ஆகாது, தீப்பொறி பறக்கும். மரம், பித்தளை, செம்பு மட்டும்தான். நைலான் சேலை ஆகாது, பருத்திதான். தரையோடு இணைத்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மனித உடம்பு பத்தாயிரம் வோல்ட் நிலைமின்னூட்டம் ஏறி நின்றாலும் அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சில மில்லிஜூல்தான்; நமக்கு அது ஒரு சுரீர். உணர்ச்சி மிகுந்த கலவைக்கு அதுவே போதும். சாதாரண ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும் என்பதால் ஏறிய மின்னூட்டம் தரைக்கு இறங்க வழியில்லாமல் உடம்பிலேயே நிற்கும். அதனால் அங்கே விரிக்கும் ரப்பர் பாய் வேறு வகை: கரித்தூள் போதுமான அளவு சேர்த்து, மின்னூட்டம் மெல்ல வழிந்தோடும்படி செய்தது. பிடிப்பைப் பொறுத்தவரை இரண்டு ரப்பரும் அண்ணன் தம்பி. மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒன்று கதவு, ஒன்று சுவர்.

துப்பாக்கி உறையை மாட்டும் முறைக்கு வருவோம். தோட்டாவை எடுத்துவிட்டோமா, மேகசினைக் கழற்றினோமா, அறை காலியா என்று பார்ப்பது முதல் வேலை. இரண்டு தடவை பார்ப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. உறையை வெந்நீரில் போட்டு எடுத்தால் இளகும். உள்ளே ஸ்பிரிட் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறும், பிறகு ஆவியாகிவிடும். பவுடர் போடுபவர்கள் உண்டு. அது உள்ளேயே தங்கி உறையைச் சுழல விடும், சுழலும் உறை இல்லாததைவிட மோசம். மேகசின் விடுவிக்கும் பொத்தானை உறை மூடக் கூடாது. பிடியின் முதுகில் அழுத்தினால்தான் சுடும் பாதுகாப்பு விசை உள்ள துப்பாக்கிகளில் அந்த இடத்தில் உறைக்குத் திறப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உறையே அதை நிரந்தரமாக அழுத்திப் பிடித்து அந்தப் பாதுகாப்பைக் கெடுத்துவிடும்.

உரிமம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று துரு. தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாக்கு எண்ணிக்கை முடியும்வரை அவை அங்கேயே கிடக்கும். உள்ளங்கை வேர்வையில் உப்பு இருக்கிறது. உறைக்கும் இரும்புக்கும் நடுவில் நுழைந்த அந்த உப்புத் தண்ணீர் உலராமல் வாரக்கணக்கில் நின்றால், உறையைக் கழற்றும்போது அதன் புடைப்புகளும் பள்ளங்களும் அப்படியே பழுப்பு நிறத்தில் பிடியின்மேல் அச்சாகியிருக்கும். கொடுக்கும் முன்பே கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தடவி ஒப்படைக்கலாம். உறை வீட்டில் இருந்தால் எந்தச் சட்டமும் கேட்காது.